அறுநூற்று நாற்பது ரியால்

கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கினேன்.
முப்பத்தாறு.
ரூவியில் இரவு பதினொன்று.
பகல் முழுக்கக் குடித்த வெயிலை
மலைகள் இன்னும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன.
சனிக்கிழமை விடியற்காலை விமானம்.
இனி இந்த நாட்டில் எனக்கு வேலை இல்லை.

புலிப்படம் போட்ட போர்வையை எடுத்தேன்: முப்பத்திரண்டு.
மிக்சியை எடுத்தேன்: இருபத்தெட்டு அறுநூறு.
இவ்வளவு லேசா இது, ஆண்டவரே?
நீர் எதையாவது விடச் சொன்னால்
தோலோடு வரும் என்று
பத்தொன்பது வருஷம் பயந்தேனே.
பக்கத்துக் கட்டில் வங்காளிப் பையன்
அதற்குள் புலியைப் போர்த்திக்கொண்டு
தூங்கியும் விட்டான்.

மிஞ்சியது நோட்டு.
நீல அட்டை. கொக்கியில் மாட்டிப் பார்த்தேன்,
தராசு அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

ஏழாம் பக்கம், ஈசாக்குமுத்து.
மகளின் நர்சிங் கட்டணம், இரண்டாம் தவணை.
அறுநூற்று நாற்பது ரியால், இருநூறு பைசா.
அந்த இருநூறு பைசா
பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க
நான் ஏறிய பேருந்தின் டிக்கெட்.
அதையும் எழுதியிருக்கிறேன்.
அந்தப் பெண்ணின் இடுப்பிலே இப்போது ஒரு பிள்ளை.
பக்கம் மட்டும் வளரவில்லை.

வெள்ளிதோறும் ஒரே வளாகம்.
மலையாள ஆராதனை முடிந்து
நாற்காலிகளின் சூடு ஆறுமுன் எங்கள் முறை.
எனக்குப் பின்வரிசையில் அவன், பாஸ் குரல்.
எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில்
கடன் என்ற சொல் வரும் இடத்தில்
இரண்டு குரல் மட்டும் தாழும்.
அவனுடையது வெட்கத்தில்.
என்னுடையது கணக்கில்.

பணமா வேண்டியிருந்தது எனக்கு?
வீடு முடிந்து, மாடிக்குக் கம்பியும் விட்டாயிற்று.
நான் வந்ததும் அவன் எழுந்து தரும் நாற்காலி வேண்டியிருந்தது.
சர்க்கரை எத்தனை என்று கேட்காமலே
கலக்கி வரும் தேநீர்.
'அண்ணாச்சி' என்பதை அவன்
கொஞ்சம் இழுத்துச் சொல்லும் பணிவு.
ஆறு வருஷம் அதை வாங்கித் தின்றிருக்கிறேன்.
வட்டி வாங்காதவன் என்று
சபையில் எனக்குப் பெயர்.
லெந்து நாளில் மீனை விட்டதற்கு
எழுந்து நின்று சாட்சி சொன்னவனும் நான்தான்.

பக்கத்தைக் கிழித்தேன்.
அடுத்த பக்கத்திலும் அவன் இருந்தான்,
அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன்;
விளக்கில் சாய்த்தால் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம்.
அதையும் கிழித்தேன்.
அதற்கடுத்ததில் ஒரு ஆறு மட்டும் தெரிந்தது.
விரலால் தடவிக்கொண்டே
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கோயிலில்
தண்ணீர் கூலர் பக்கம் வைத்துச் சொன்னேன்.
அழுவான், கையைப் பிடித்துக்கொள்வான் என்று
நினைத்திருக்கிறேன் போல.
நினைத்தேனே, அது கடைசி வட்டி.
அவன் காகிதக் கோப்பையை நிரப்பினான்,
குடித்தான், நசுக்கினான்.
"சரி வே" என்றான்.

வே.
உள்ளே போய்
நான் எப்போதும் உட்காரும் நாற்காலியில்
உட்கார்ந்துகொண்டான்.

சுள்ளென்றது, ஆண்டவரே.
தோல் இங்கேதான் இருந்ததா?

அன்று ஓரமாக நின்றுகொண்டே ஜெபம் சொன்னேன்.
அந்தச் சொல் வந்தது.
எனக்கு முன்னால் ஒரு பாஸ் குரல்
தாழாமல் கடந்தது.
நானும் சொன்னேன்,
உடைந்த குரலில், ஆனால் சத்தமாக.

விமான நிலையத்தில் பெட்டி பெல்ட்டில் ஏறியது.
இருபத்தெட்டு அறுநூறு.
இன்னும் ஒன்று நானூறு வைக்கலாம் என்று
கவுண்டர்ப் பெண் இந்தியில் சொன்னாள்.

என் கை, யாரையும் கேட்காமல்,
தோள்பைக்குள் போய்
எதையோ துழாவிக்கொண்டிருந்தது.